ரூகர் கம்பெனி .357-இல் ஒரு வேட்டை ரிவால்வர் செய்து தரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் ரூகர் கம்பெனி செய்கிற சூப்பர் பிளாக்ஹாக் ஹண்டர் என்ற வேட்டை ரிவால்வர், கடைகளில் .44 மேக்னம் என்ற பெரிய தோட்டாவுக்குத்தான் கிடைக்கிறது. அதையே .357 மேக்னம் என்ற சிறிய தோட்டாவுக்கும் செய்து தாருங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கம்பெனிக்கு நேரடியாக ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். ஆனால் ஒருத்தி எழுதுவதைப் படித்து ஓரமாக வைத்துவிடுவார்கள், பல பேர் எழுதினால்தான் உட்கார்ந்து யோசிப்பார்கள். உங்கள் பத்திரிகையை இணையத்தில் படிக்கிற தமிழர்கள் ஒஹாயோ, மிச்சிகன், டெக்சஸ், வட கரோலினா என்று எங்கும் இருக்கிறோம், அதில் இலையுதிர் காலம் வந்தால் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு மான் வேட்டைக்குக் கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள், வெளியில் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். அவர்களுக்காகத்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு மட்டும் முதலில் இரண்டு வார்த்தை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்துபோனது, அது நல்லதற்குத்தான். இங்கே நிலைமை வேறு. ஒஹாயோ மாநிலத்தில் 1904 வாக்கில் மானே இல்லாமல் போயிருந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டு, பாதுகாத்துப் பெருக்கி, 1943-இல் ஆடம்ஸ், பைக், சியோட்டோ என்ற மூன்று கவுன்டிகளில் மட்டும் முதல் முறையாக வேட்டைக்கு அனுமதி கொடுத்தார்கள். இன்றைக்கு 88 கவுன்டிகளிலும் வெள்ளைவால் மான் இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் ஒரு பருவத்துக்குச் சுமார் இரண்டு லட்சம், சில வருடம் அதற்கும் மேல், வேட்டையில் எடுக்கிறார்கள், அப்படி எடுத்தும் எண்ணிக்கை குறைந்த பாடில்லை. ஓநாயும் மலைச்சிங்கமும் இந்தக் காடுகளை விட்டுப் போய் ரொம்ப நாளாகிவிட்டது. எனவே மான் பயிரை மேய்கிறது, காட்டில் முளைக்கிற இளஞ்செடியை எல்லாம் தின்கிறது, சாலையில் கார் மீது மோதுகிறது. இந்த மாநிலத்தில் மட்டும் வருடத்துக்கு இருபதாயிரம் அளவில் மான் விபத்துகள் நடக்கின்றன. நாங்கள் வாங்குகிற ஒவ்வொரு துப்பாக்கியிலும் தோட்டாவிலும் வனவிலங்குப் பாதுகாப்புக்கென்று மத்திய அரசு ஒரு வரி எடுக்கிறது, 1937-இல் வந்த பிட்மன் ராபர்ட்சன் சட்டப்படி, நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம். அந்தப் பணத்தில்தான் மாநிலங்கள் காடும் சதுப்பு நிலமும் வாங்கிப் பராமரிக்கின்றன. இறைச்சியும் வீணாவதில்லை. எங்கள் வீட்டுத் தேவைக்குப் போக மிச்சத்தை ஏழைகளுக்கு உணவு கொடுக்கிற அமைப்புகளுக்குக் கொடுத்துவிடுகிறோம். மான்கறியில் கொழுப்பு மிகவும் குறைவு, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு மிளகு போட்டு வறுத்தால்தான் நம் வாய்க்குப் பிடிக்கும், அது இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒஹாயோவில் மான் வேட்டைக்குச் சாதாரண வேட்டை ரைஃபிள் எதையும் எடுத்துப் போய்விட முடியாது. ஊர்களும் பண்ணை வீடுகளும் நெருக்கமாக இருக்கிற தட்டையான நிலம்தான் அதிகம் என்பதால், தொலைதூரம் பாயும் தோட்டாக்களுக்கு அனுமதி இல்லை. கூடு நேராக இருக்கிற தோட்டா, அதாவது கழுத்துப் பக்கம் குறுகாமல் உருளையாக வருகிற தோட்டா போடும் ரைஃபிளுக்கே 2014-இல்தான் அனுமதி வந்தது. அதற்கு முன்பிருந்தே கைத்துப்பாக்கிக்கு அனுமதி உண்டு. பீப்பாய் குறைந்தது 5 அங்குலம் இருக்க வேண்டும், தோட்டா நேர்க்கூடாக இருக்க வேண்டும், காலிபர், அதாவது அங்குலக் கணக்கில் குண்டின் விட்டம், .357 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கவனியுங்கள், மாநிலச் சட்டமே .357 போதும் என்று கீழ்க்கோடு போட்டு வைத்திருக்கிறது.

ரிவால்வரால் வேட்டையாடுவது ஏதோ வீரம் காட்டுவதற்கு இல்லை. தென்கிழக்கு ஒஹாயோவில், வெய்ன் தேசிய வனம் இருக்கிற பக்கம், ஏறி இறங்கும் குன்றுகள், ஓக்கும் ஹிக்கரியும் நெருங்கி வளர்ந்த காடு, அடியில் முள் ரோஜாப் புதர். அங்கே நூறு கெஜம் தெளிவாகப் பார்க்கிற இடம் கிடைப்பதே அரிது. மான் வந்தால் முப்பது கெஜத்தில், நாற்பது கெஜத்தில் வரும், அதுவும் நாம் அசையாமல் இருந்தால். புதருக்குள் குனிந்து போகும்போதும் சரி, அப்புறம் அடிபட்ட மானைக் குன்றிலிருந்து இழுத்து வரும்போதும் சரி, இரண்டு கையும் காலியாக இருப்பது எவ்வளவு உதவி என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மார்புக்கு முன்னால் கட்டுகிற தோலுறையில் ரிவால்வர் பாட்டுக்குக் கிடக்கும். இன்னொன்று, கைத்துப்பாக்கி நம்மைக் கட்டுப்படுத்துகிறது. ஐம்பது கெஜத்துக்கு மேல் நிற்கிற மானை விட்டுவிட்டுத்தான் ஆக வேண்டும், அதனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, தடம் எங்கே போகிறது, ஏகோர்ன் என்கிற ஓக் கொட்டை எந்த மரத்தடியில் கொட்டியிருக்கிறது என்று எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு இந்த வேட்டை பிடித்ததே அதனால்தான்.

சரி, .44 மேக்னத்தில்தான் நல்ல துப்பாக்கி இருக்கிறதே, அதை வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். வைத்திருக்கிறேன். அருமையான தயாரிப்பு, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஏழரை அங்குலப் பீப்பாய், துருப்பிடிக்காத எஃகு, பீப்பாயின் மேல் ஓடுகிற தடித்த பட்டையில் ஸ்கோப், அதாவது குறி பார்க்கிற தொலைநோக்கி, அதன் வளையம் உட்காருவதற்கென்றே வெட்டி விட்ட பள்ளங்கள். வளையங்களைப் பெட்டியிலேயே வைத்துக் கொடுக்கிறார்கள். எந்தக் கடைக்கும் எடுத்துப் போய்த் துளை போட வேண்டாம், திருகி முடுக்கினால் வேலை முடிந்தது. எடை ஒன்றரைக் கிலோவுக்கு அருகில். பிரச்சினை தோட்டாவில்தான். .44 மேக்னத்தின் 240 கிரெயின் குண்டு, அதாவது பதினைந்தரை கிராம் ஈயம், விநாடிக்கு 1200 முதல் 1350 அடி வேகத்தில் போகிறது. அதன் எதிர் உதைப்பு முழுவதும் என் மணிக்கட்டுக்கு வருகிறது. ஒரே எடையுள்ள துப்பாக்கியில் கணக்குப் போட்டால் .357-இன் வழக்கமான 158 கிரெயின் தோட்டாவைவிட இது இரண்டு மடங்குக்கும் மேலான உதைப்பு. எனக்குக் கை சிறியது. வயதும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. சிலிண்டர் நிறையப் போட்டு இரண்டு முறை சுட்டால் விசைக் காப்பு நடுவிரல் கணுவில் இடித்து இடித்துச் சிவந்துவிடும், மூன்றாவது முறை போடும்போதே, விசையை அழுத்துவதற்கு முந்தின கணம் கை தானாக ஒரு நடுக்கு நடுங்கும். துப்பாக்கி சுடுகிற எல்லாருக்கும் அது தெரியும். மூளை எவ்வளவு சொன்னாலும் உடம்பு கேட்காது.

அந்த நடுக்கத்தின் விலையைக் கொடுப்பது மான். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். முன்னங்காலுக்குப் பின்னால் நுரையீரலும் இதயமும் இருக்கிற இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான். அங்கே குண்டு போனால் மான் ஐம்பது, நூறு கெஜம் ஓடி விழுந்துவிடும், சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். நாலு அங்குலம் பின்னால் தள்ளி வயிற்றில் பட்டால் அது மணிக்கணக்கில் சாகும், இருட்டில் டார்ச் வைத்துக்கொண்டு இலைமேல் இரத்தச் சொட்டைத் தேடி நடந்து, கடைசியில் கிடைக்காமலே திரும்புகிறவர்களும் உண்டு. பெரிய தோட்டா மோசமான குறியைச் சரிசெய்யாது. தன்னால் நடுங்காமல் சுட முடிகிற தோட்டா எதுவோ அதைத்தான் ஒரு வேட்டைக்காரர் எடுத்துப் போக வேண்டும், என்னைப் போன்ற நிறையப் பேருக்கு அது .357.

.357 மேக்னம் பேர் தெரியாத தோட்டா ஒன்றும் இல்லை. 1935-இல் ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனியும் வின்செஸ்டரும் சேர்ந்து கொண்டுவந்தது. அதுவரை எல்லாரும் வைத்திருந்த .38 ஸ்பெஷல் தோட்டாவின் கூட்டை மூன்று மில்லிமீட்டர் அளவு நீட்டி, பழைய ரிவால்வர்களுக்குள் தப்பித் தவறியும் போகாதபடி செய்து, வேகத்தைக் கூட்டினார்கள். அந்தக் கம்பெனியின் டக்ளஸ் வெஸன் அதை எடுத்துக்கொண்டு வயோமிங்குக்குப் போய் எல்க், மூஸ் என்ற பெரிய மான் வகைகளை வேட்டையாடி, இது வேட்டைத் தோட்டாதான் என்று காட்டினார். எல்க், மூஸ் அளவுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், அது விளம்பரத்துக்காகச் செய்தது, அந்தக் காலத்தில் கைத்துப்பாக்கியில் அதைவிடச் சக்தி வாய்ந்தது ஒன்று இல்லாததாலும் செய்தது. ஆனால் ஒஹாயோவின் வெள்ளைவால் மானுக்கு அது தாராளம். ரூகரே 1955-இல் முதல் பிளாக்ஹாக் ரிவால்வரை வெளியிட்டது .357-இல்தான். .44 அடுத்த வருடம்தான் வந்தது. சூப்பர் பிளாக்ஹாக் 1959-இல். ஆக, இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளையே .357.

பிறகு செலவு. .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷலையும் போட்டுச் சுடலாம். விலையும் குறைவு, சத்தமும் குறைவு, உதைப்பு கிட்டத்தட்ட இல்லை. கோடை முழுக்க .38-ஐப் போட்டுச் சுட்டுப் பழகிவிட்டு, அக்டோபரில் .357-க்கு மாறினால் விசையும் அதேதான், பிடியும் அதேதான், ஸ்கோப்பின் குறியைத் திரும்பச் சரிசெய்தால் மட்டும் போதும். .44-க்கும் அப்படி .44 ஸ்பெஷல் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் பெரும்பாலான கடைகளில் .44 மேக்னத்தைவிட அதற்கு அதிக விலை, கிடைப்பதும் அரிது. .38-ம் .357-ம் அமெரிக்காவில் எந்தச் சின்ன ஊரின் சாமான் கடையிலும் இருக்கும்.

கீழே இருக்கிற நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றுகிற லீவர் ரைஃபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்கு இந்த எண்ணமே அதைக் கையில் எடுத்தபோதுதான் பலமாக வந்தது. 2020-இல் ரெமிங்டன் கம்பெனி திவாலானபோது மார்லின் என்ற பழைய ரைஃபிள் பெயரை ரூகர் ஏலத்தில் வாங்கியது. இப்போது வட கரோலினாவின் மேயோடனில் இருக்கிற தன் தொழிற்சாலையில் மார்லின் 1894 லீவர் ரைஃபிளை .357-லும் செய்கிறது. நேர்க்கூட்டுத் தோட்டா, .357 காலிபர், ஒஹாயோவில் மானுக்கு எடுத்துப் போகலாம். நீளமான பீப்பாயில் அதே 158 கிரெயின் குண்டு விநாடிக்கு 1700, 1800 அடி வரை போகும். ரைஃபிளுக்கும் ரிவால்வருக்கும் ஒரே தோட்டா என்பது இந்த நாட்டில் புதிய ஆசையே இல்லை, வின்செஸ்டர் 1873 ரைஃபிளின் .44-40 தோட்டாவுக்கே 1878-இலிருந்து கோல்ட் கம்பெனி ரிவால்வர் செய்து கொடுத்தது. ஒரே கம்பெனி, ஒரே தோட்டா, ரைஃபிளைச் செய்துவிட்டார்கள், அதற்குத் துணையாக ஸ்கோப் வைத்த ஒரு வேட்டை ரிவால்வரை மட்டும் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். எனக்கு இது புரியவே இல்லை.

இப்போது எதிர்ப்பாளர்கள் பக்கம். மானுக்கு .357 போதாது என்று சொல்கிற அனுபவசாலிகள் பலர் உண்டு, அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. அவர்கள் பார்த்த கெட்ட அனுபவங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் குண்டுதான் என்பது என் எண்ணம். கடையில் எளிதாகக் கிடைக்கிற 110, 125 கிரெயின் குழிமுனைக் குண்டுகள் தற்காப்புக்காகச் செய்தவை, பட்ட உடனே மலர்ந்து சிதறிவிட வேண்டும் என்பதற்காகவே. மானின் தோளில் பட்டால் ஆழமாகப் போகாது. வேட்டைக்கு 158 கிரெயினில் மென்முனைக் குண்டு வேண்டும், அல்லது 180 கிரெயினில் கெட்டியான ஈயத்தில் வார்த்த தட்டைமுனைக் குண்டு வேண்டும். அது ஒரு பக்கம் போய் மறுபக்கம் வெளியே வந்துவிடும், இரண்டு துளை இருந்தால் இரத்தத் தடமும் தெளிவாகக் கிடைக்கும். தூரம் ஐம்பது கெஜத்துக்குள். மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், நேராக நம்மைப் பார்த்து நின்றாலோ பின்புறம் காட்டி நின்றாலோ விசையைத் தொடக் கூடாது. இந்த மூன்றையும் கடைப்பிடிக்க முடியாதவர் .44 வாங்கினாலும் மானைக் காயப்படுத்தத்தான் போகிறார்.

இந்த மூன்றையும் கடைப்பிடிக்க நல்ல ஸ்கோப் வேண்டும், நீளமான பீப்பாய் வேண்டும், ஆடாத கனம் வேண்டும். அதனால்தான் சாதாரண .357 போதாது, ஹண்டர் மாடலே வேண்டும் என்கிறேன். ஐம்பது வயதுக் கண்ணுக்குப் பின் குறி, முன் குறி, மான் மூன்றும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியாது. விடியற்காலை மங்கல் வெளிச்சத்தில் கறுப்புக் குறி பழுப்பு மான் மேல் கரைந்தே போய்விடும். கையை நீட்டிப் பார்க்கிற இரண்டு மடங்கு ஸ்கோப், அல்லது ஒரு சிவப்புப் புள்ளிக் கண்ணாடி இருந்தால் இந்தக் கஷ்டம் போய்விடுகிறது. அதை மாட்ட இடம் வேண்டுமே.

ரூகர் இன்று விற்கிற .357 பிளாக்ஹாக்கில் மிக நீளமானது ஆறரை அங்குலம். நல்ல துப்பாக்கிதான், ஆனால் ஸ்கோப் மாட்ட இடம் கிடையாது, சட்டத்தின், அதாவது சிலிண்டரைத் தாங்குகிற எஃகு உடலின், தலையில் துளை போட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு கடையில் கொடுத்துத் துளை போட்டார், துளை மையத்திலிருந்து விலகிப் போய், வளையம் கோணலாக உட்கார்ந்து, ஸ்கோப்பின் திருகை எவ்வளவு திருப்பினாலும் குறி ஒட்டவில்லை. ரூகரின் இன்னொரு .357 ரிவால்வரான ஜிபி100 ஆறு அங்குலத்தில் இருக்கிறது, உறுதியானது, அதிலும் இந்த வளையப் பள்ளம் இல்லை. ரூகரின் பெரிய ரிவால்வரான சூப்பர் ரெட்ஹாக்கில் சட்டத்திலேயே பள்ளம் உண்டு, ஆனால் அது .44, .454 கசல், .480 என்று மேலே மேலே போகிறது. 10 மில்லிமீட்டரிலும் அதைச் செய்திருக்கிறார்கள், சக்தியும் .357-க்கு நெருக்கம்தான், அதை வாங்கு என்று எனக்கு யோசனை சொன்னவர்கள் உண்டு. அது தானியங்கிப் பிஸ்டலுக்குச் செய்த விளிம்பில்லாத தோட்டா, மெல்லிய தகட்டு வளையத்தில் கோத்துப் போடுவதுதான் வழக்கம், அந்தத் தகடு சட்டைப்பையில் கொஞ்சம் வளைந்தாலே சிலிண்டர் சுற்றாமல் நிற்கும். என் லீவர் ரைஃபிளிலும் அது போகாது.

டாரஸ் கம்பெனி ரேஜிங் ஹண்டர் என்ற பெயரில் .357-இல் ஏழு தோட்டா போடுகிற வேட்டை ரிவால்வர் செய்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதைத் தெரிந்தவர்கள் உடனே எழுதுவார்கள். செய்கிறது, ஸ்கோப் மாட்டப் பட்டையும் வைத்திருக்கிறது, அவர்களைப் பாராட்ட வேண்டும். அதில் எனக்குப் பிடிக்காதது பீப்பாய் முனையில் மேலே திறக்கிற துளைகள். உதைப்பு குறையும், ஆனால் சத்தம் காதுப் பக்கம் திரும்பிவிடும். மேக்னம் ரிவால்வர் துளை இல்லாமலே 160 டெசிபெல் அளவுக்குச் சத்தம் போடும், 140-ஐத் தாண்டினாலே காது நிரந்தரமாகக் கெட ஆரம்பிக்கும். சிலிண்டருக்கும் பீப்பாய்க்கும் நடுவில் இடைவெளி இருப்பதால் ரிவால்வருக்குச் சத்தம் தணிக்கிற குழல் போட்டும் பயனில்லை. நான் காதுக்கவசம் இல்லாமல் சுடுவதே இல்லை, நீங்களும் சுடாதீர்கள், ஆனாலும் தேவையில்லாமல் சத்தத்தை ஏன் கூட்டிக்கொள்ள வேண்டும். கனமான .357-க்குத் துளை தேவையே இல்லை. அப்புறம், வயோமிங்கின் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் கம்பெனியின் மாடல் 83 .357-லும் வந்தது, கைவேலையின் உச்சம் அது, விலையும் அதற்குத் தகுந்தபடி, மாதச் சம்பளக்காரர்கள் எட்டி நின்று பார்க்கலாம்.

இனி ரூகருக்கு இது எவ்வளவு சின்ன வேலை என்பதைப் பாருங்கள். இன்றைய .357 பிளாக்ஹாக்கும் .44 சூப்பர் பிளாக்ஹாக்கும் ஒரே பெரிய அளவுச் சட்டத்தில்தான் செய்யப்படுகின்றன. .357 துளைகள் போட்ட சிலிண்டர் தொழிற்சாலையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஹண்டரின் பட்டை வைத்த பீப்பாய்க்கு அச்சும் நிரலும் இருக்கிறது. அந்தப் பீப்பாய்க்குள் .44 விட்டத்துக்குப் பதிலாக .357 விட்டத்தில் துளைத்து, குண்டைச் சுழற்றிவிடுகிற சுருள் வரி வெட்ட வேண்டும். புதிதாகக் கண்டுபிடிக்க எதுவுமே இல்லை. ஏழரை அங்குல .357 பீப்பாயும் அவர்களுக்குப் புதிதல்ல, 1980-களின் தொடக்கத்தில் .357 மேக்ஸிமம் என்ற இன்னும் நீளமான தோட்டாவுக்கு ஏழரையிலும் பத்தரையிலும் பிளாக்ஹாக் செய்தார்கள். வேகமான லேசான குண்டுகளைப் போட்டபோது சட்டத்தின் மேற்பகுதியைச் சூடான வாயு அரிப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். சாதாரண .357 மேக்னத்துக்கு இத்தனை வருடமாக பிளாக்ஹாக்கின் வழக்கமான சட்டம் ஒரு குறையும் இல்லாமல் உழைக்கிறது.

வெளி அளவு அப்படியே இருந்து உள்துளை சிறிதானால் உள்ளே எஃகு கூடுதலாக நிற்கும். ஆக, .357 ஹண்டர் .44 ஹண்டரைவிடக் கொஞ்சம் கனமாகவே வரும். உதைப்பு பாதிக்கும் கீழே, எடை கூடுதல். துப்பாக்கி கையில் படுத்துக்கொள்ளும், சுட்ட பிறகும் ஸ்கோப்புக்குள் மானைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், எந்தப் பக்கம் ஓடியது என்று தெரியும். இவ்வளவு கனமான .357 எதற்கு, அந்தக் கனத்தில் .44 வைத்துக்கொள்ளலாமே என்று கம்பெனிக்காரர்கள் நினைத்திருக்கலாம். அந்தக் கனம்தான் எங்களுக்கு வேண்டியது. பெண்கள், வயதானவர்கள், மணிக்கட்டில் வாதம் வந்தவர்கள், முதல் முறையாகக் கைத்துப்பாக்கியோடு காட்டுக்குப் போகிற இளைஞர்கள், இவர்கள் எல்லாரும் வாங்குவார்கள்.

விற்காது என்ற பயம் இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. லூசியானாவின் பேட்டன் ரூஜில் இருக்கிற லிப்ஸீஸ் போன்ற மொத்த விற்பனையாளர்கள், இத்தனை துப்பாக்கி நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், இந்தக் காலிபரில் செய்து கொடுங்கள் என்று கம்பெனிகளிடம் தனியாகக் கேட்டு வாங்குகிறார்கள். ரூகர் பிளாக்ஹாக் .44 ஸ்பெஷலில் வந்தது அவர்கள் கேட்டுத்தான். 2024-இல் ஸ்மித் அண்ட் வெஸனிடம் கேட்டு, எல்லாரும் மறந்துபோயிருந்த .32 எச் அண்ட் ஆர் மேக்னத்தில் சின்ன ரிவால்வர் செய்ய வைத்தவர்களும் அவர்களே. செத்துக் கிடந்த தோட்டாவுக்கே துப்பாக்கி வரும்போது, நாட்டில் எல்லாரிடமும் இருக்கிற .357-க்கு ஏன் வராது? ரூகரும் இந்த விஷயத்தில் கல் நெஞ்சுக் கம்பெனி இல்லை, சூப்பர் ரெட்ஹாக்கை .22 ஹார்னெட் என்ற சின்ன ரைஃபிள் தோட்டாவில்கூடச் செய்திருக்கிறார்கள். .22 ஹார்னெட்டை எத்தனை பேர் ரிவால்வரில் கேட்டிருப்பார்கள்?

எனவே இதைப் படிக்கிற, அமெரிக்காவில் இருக்கிற வேட்டைக்காரத் தமிழர்களே, உங்கள் ஊர்த் துப்பாக்கிக் கடைக்காரரிடம் அடுத்த முறை போகும்போது வாய்விட்டுக் கேளுங்கள். அவர் தன் மொத்த விற்பனையாளரிடம் சொல்லுவார், அங்கிருந்துதான் எண்ணிக்கை கம்பெனிக்குப் போகும். ரூகரின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் நேராக எழுதுங்கள். எழுதும்போது .357-இல் வேட்டை ரிவால்வர் வேண்டும் என்று மட்டும் எழுதாதீர்கள், ஜிபி100 இருக்கிறதே என்று பதில் வரும், எனக்கு அப்படித்தான் வந்தது. சூப்பர் பிளாக்ஹாக் ஹண்டர், துருப்பிடிக்காத எஃகு, ஏழரை அங்குலப் பீப்பாய், ஸ்கோப் வளையப் பள்ளம் வெட்டிய பட்டை, .357 மேக்னம் சிலிண்டர் என்று முழுதாக எழுதுங்கள். பிஸ்லி என்ற வேறு வடிவப் பிடியிலும் ஒன்று வந்தால் நல்லது என்று நான் சேர்த்து எழுதியிருக்கிறேன், அது என் சொந்த விருப்பம், உங்களுக்கு வேண்டாமென்றால் விட்டுவிடலாம். ஒஹாயோவில் துப்பாக்கிப் பருவம் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை தொடங்குகிறது. அதற்கு முன்னால் கடைகளில் கூட்டம் சேரும், கடைக்காரர்கள் யார் என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்கிற மாதமும் அதுதான், அதற்குள் கேட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொலம்பஸ், ஒஹாயோ